பயணச்சீட்டில் நாலு மணி, பயணத்தில் ஆறரை மணி!



உம்ராவுக்குப் புறப்படும் உங்கள் உம்மாவின் பயணச்சீட்டில், கட்டுநாயக்கவில் பிற்பகல் 2 மணிக்குப் புறப்பாடு, ஜித்தாவில் மாலை 6 மணிக்கு வருகை என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். "நாலு மணி நேரந்தானே!" என்று நினைத்து, அதற்கேற்ப மருந்தையும் உணவையும் ஒழுங்கு செய்துவிட்டால் சிரமப்படப்போவது அந்த முதிய உம்மாதான்.

புறப்படும் நேரம் இலங்கை நேரம். இறங்கும் நேரம் சவூதி நேரம். சவூதி நேரம் நமது நேரத்தை விட இரண்டரை மணி பின்னால் இருக்கிறது. ஆகவே போகும்போது அதைக் கூட்டுங்கள்: ஆறரை மணி நேரம். வரும்போது கழியுங்கள். அங்கே இரவு 8க்கு ஏறி இங்கே அதிகாலை 4க்கு இறங்கினால், பயணம் ஐந்தரை மணிதான். ஒரே தூரத்துக்கு ஏன் இந்த வித்தியாசம்? குளிர்காலத்தில் வானில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் பலத்த காற்று, போகும் விமானத்தைத் தடுக்கிறது. வரும் விமானத்தைத் தள்ளிவிடுகிறது.

இரண்டு விமான நிலையங்களுக்கும் இடையே நேர்தூரம் சுமார் 4,650 கிலோமீற்றர். டுபாய் வழியாகப் போனால் சுமார் 5,000. தூரம் அதிகம் கூடவில்லை. ஆனால் அடுத்த விமானத்துக்காக டுபாயில் காத்திருக்கும் மணிகளையும் சேர்த்துப் பாருங்கள். மலிவான சீட்டு வயோதிபருக்கு மலிவாக இராது.

நமது வன்னிக்கு இன்னொரு கணக்கும் உண்டு. முல்லைத்தீவிலிருந்து கட்டுநாயக்க 300 கிலோமீற்றருக்கு மேல். விமானம் அரை மணிக்குள் கடக்கும் அத்தூரத்துக்கு வீதியில் ஒரு பகலோ ஓர் இரவோ போய்விடும். விமானம் புறப்பட மூன்று மணி நேரத்துக்கு முன்பே அங்கே நிற்கவும் வேண்டும். 1990 ஒக்டோபர் வெளியேற்றத்துக்குப் பின் நம்மில் பலருக்குப் புத்தளத்தில் உறவினர் இருக்கிறார்கள். அங்கிருந்து விமான நிலையம் ஏறக்குறைய 100 கிலோமீற்றர்தான். முதல் நாளே போய்த் தங்கினால் உம்மா களைப்பின்றி விமானம் ஏறுவார்.

நீரிழிவு உள்ளவரானால், வீடு விட்டு வீடு சேரும் முழு நேரத்தையும் வைத்தியரிடம் சொல்லி மருந்து வேளையைக் கேட்டுக்கொள்ளுங்கள். இன்சுலினைப் பெரிய பெட்டியில் போடாமல் கைப்பையில், வைத்தியரின் கடிதத்துடன் வையுங்கள்.

மார்க்கக் கடமையும் இக்கணக்கோடு பிணைந்தது. விமானம் ஜித்தாவில் இறங்குமுன்பே மீகாத் எல்லையைக் கடந்துவிடும். நிமிடத்துக்கு 14 கிலோமீற்றர் பறக்கும் விமானத்தில் ஐந்து நிமிடம் கண்ணயர்ந்தால் 70 கிலோமீற்றர் போய்விடும்! ஆகவே இஹ்ராமுக்குரிய ஆயத்தங்களை முன்பே முடித்து, அறிவிப்பு வந்ததும் நிய்யத் செய்யட்டும். நோன்புடன் மேற்கே பறப்பவருக்குப் பகல் நீளும். ஊரில் மஃரிப் பாங்கு சொல்லியிருக்கும். விமானத்திலோ சூரியன் தெரியும். அவர் காணும் சூரியன் மறைந்த பின்பே நோன்பு திறக்க வேண்டும். பயணிக்கு நோன்பை விட்டுப் பின்னர் நோற்கும் சலுகையும் உண்டு.

சீட்டை வாங்கிய அன்றே தாளும் பேனாவும் எடுத்து இந்தக் கூட்டல் கழித்தலைச் செய்துவிடுங்கள், சகோதரிகளே. அல்லாஹ் பயணத்தை இலேசாக்குவானாக!