டெர்பி ரத்தும் சாந்த்ராகாச்சி தடியடியும்

புது தில்லி: ஆர்.ஜி. கர் மருத்துவமனை பெண் மருத்துவர் படுகொலைக்கு நீதி கேட்டு, 2024 ஆகஸ்ட் 27-இல் மேற்கு வங்கத் தலைமைச் செயலகம் நோக்கிச் சென்றவர்களை சாந்த்ராகாச்சியில் கண்ணீர்ப்புகை வீசித் தடுத்தது போலீஸ். பாஜகவின் தூண்டுதல் என்றது திரிணமூல். ஆனால் ஒன்பது நாள்களுக்கு முன் சால்ட் லேக் மைதானம் முன் திரண்ட கூட்டத்தை அப்படி ஒதுக்கிவிட முடியாது. பாதுகாப்பைக் காரணம் காட்டி டூரண்ட் கோப்பை ஆட்டம் ரத்தானதும், பரம வைரிகளான மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் ரசிகர்கள் ஒன்றாக நின்று தடியடி பட்டனர். அங்கு வந்த கால்பந்து சம்மேளனத் தலைவர் கல்யாண் சௌபேயோ, முந்தைய மாதம் மாணிக்தலா இடைத்தேர்தலில் தோற்ற பாஜக வேட்பாளர்!

விளையாட்டில் அரசியல் கூடாது என்போர், வீரர்களின் சட்டையில் பந்தய நிறுவனங்கள் மாற்றுப் பெயரில் நுழைந்தபோது பெரிதாகக் குரல் எழுப்பவில்லை. பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்யும் மசோதாவையும் 2025 ஆகஸ்ட் 20, 21 தேதிகளில் இரு அவைகளும் அமளிக்கிடையே விவாதமின்றியே நிறைவேற்றின.