பகல் விளக்குக்குச் சப்ளை எங்கிருந்து?

கார் முகப்பில் பகலிலும் வெள்ளையாக எரியும் பட்டை விளக்குக்கு டிஆர்எல் என்று பெயர். பாதை தெரிவதற்காக அல்ல, எதிரே வருபவர் கண்ணில் வண்டி படுவதற்காக அது எரிகிறது. ஸ்வீடனில் 1977 முதலே பகலிலும் விளக்கைப் போட்டுத்தான் ஓட்டவேண்டும். நம் நாட்டில் 2017 ஏப்ரல் முதல் புது இருசக்கர வாகனங்களில் ஹெட்லைட் தானாக எரிவதும் இதே காரணத்தால்தான். காரில் கம்பெனி வைக்காவிட்டால் கடையில் வாங்கி மாட்டிக்கொள்கிறோம். பம்பரில் பொருத்துவது பெரிய வேலை இல்லை. வயரை எங்கே கொடுப்பது என்பதில்தான் கோட்டை விடுகிறோம்.

பலரும் செய்வது இரண்டு விதம். பேட்டரியிலிருந்து நேராக இழுத்து ஒரு சுவிட்ச் வைப்பது முதல் விதம். அணைக்க மறந்தால் என்ன ஆகும்? பக்கத்துக்கு 6 வாட் என்றால் இரண்டுக்கும் 12 வாட், அதாவது 1 ஆம்பியர். 35 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்றரை நாளில் காலி. அதற்கு வெகுமுன்பே வண்டி ஸ்டார்ட் ஆகாது. பார்க்கிங் லைட் வயரைச் சீவி, முறுக்கி, டேப் சுற்றுவது இரண்டாவது விதம். அப்படிச் செய்தால் பகல் விளக்கு இரவில் மட்டும் எரியும். இதற்குக் காசு கொடுத்து ஏன் வாங்கவேண்டும்?

சாவி போட்டதும் எரியவேண்டும், பார்க்கிங் லைட் போட்டதும் அணையவேண்டும். அணைவது ஏன் முக்கியம்? ஐ.நா. விதி 87 பகல் விளக்குக்குக் கேட்கும் வெளிச்சம் 400 முதல் 1200 கேண்டெலா வரை. வெயிலில் அது உறுத்தாது, இருட்டில் எதிரே வருபவர் கண்ணைக் கூசவைக்கும்.

இரண்டையும் முடித்துத் தர ஒரு 5 பின் ரிலே போதும். அதன் அடியில் 30, 85, 86, 87, 87ஏ என்று எண்கள் இருக்கும். சாவி போட்டால் மட்டும் வரும் சப்ளையை 30-இல் கொடுங்கள். விளக்கின் பாசிட்டிவ் வயர் 87ஏ-வில். பார்க்கிங் லைட்டின் பாசிட்டிவிலிருந்து ஒரு சிறு வயர் 86-க்கு. 85 பாடி எர்த்துக்கு. சாதாரணமாக 30-உம் 87ஏ-வும் சேர்ந்தே இருப்பதால் சாவி போட்டதும் விளக்கு எரியும். பார்க்கிங் லைட் போட்டால் ரிலே இழுத்துத் தொடர்பை அறுத்துவிடும். அப்போது 87-இல் மின்சாரம் வரும் என்பதால் அந்தப் பின்னைச் சும்மா விடாமல் மூடிவையுங்கள்.

சாவி சப்ளையை எடுக்க ஃப்யூஸ் பாக்ஸில் செருகும் ஃப்யூஸ் டேப் கிடைக்கிறது. வைப்பர் ஃப்யூஸ் இடத்தில் செருகலாம். ஏர்பேக், ஏபிஎஸ், இன்ஜின் கம்ப்யூட்டர் இவற்றின் ஃப்யூஸ் பக்கம் மட்டும் போகவே கூடாது. புது விளக்குக்கு 3 ஆம்பியர் ஃப்யூஸ் போதும். ஃப்யூஸ் காப்பது விளக்கை அல்ல, வயரை. எங்கேயாவது வயர் உரசி பாடியில் பட்டால் எரியப்போவது அதுதான். ஆகவே சப்ளை புறப்படும் இடத்திலேயே ஃப்யூஸ் இருக்கவேண்டும், விளக்குக்குப் பக்கத்தில் அல்ல.

ரிலே வேண்டாமென்றால், பேட்டரி வோல்ட்டைப் பார்த்தே எரியும் கன்ட்ரோலரோடு சில கிட்கள் வருகின்றன. இன்ஜின் ஓடும்போது 14 வோல்ட்டை ஒட்டியும், நின்றபின் 12.6 வோல்ட்டை ஒட்டியும் இருக்கும் வித்தியாசத்தை வைத்து அது வேலை செய்கிறது. சார்ஜிங்கைத் தானே கூட்டிக் குறைக்கும் புதிய கார்களில் இது விட்டுவிட்டு எரியலாம். அதே கார்களில் பார்க்கிங் லைட்டையும் கம்ப்யூட்டரே துண்டு துண்டான மின்சாரத்தால் ஓட்டக்கூடும்; ரிலே கடகடவென்று அடித்துக்கொள்ளும். வாரன்டியில் உள்ள புது வண்டி என்றால் வயரில் கத்தி வைக்காதீர்கள் என்பதே என் கட்சி.

இணைப்புகளை முறுக்கி டேப் ஒட்டினால் இன்ஜின் சூட்டில் பசை இளகிவிடும், பம்பருக்குள் மழைநீரும் ஏறும். கிரிம்ப் செய்து ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போட்டு, முழு நீளத்துக்கும் பிளாஸ்டிக் குழாய் மாட்டச் சொல்லுங்கள்.

வேலை முடிந்ததும் சாவியை எடுத்து, கதவைப் பூட்டி, அரைமணி நேரம் விடுங்கள். பிறகு பேட்டரி நெகட்டிவ் வயரில் மல்டிமீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். 50 மில்லி ஆம்பியருக்கு மேல் காட்டினால் வண்டியை எடுக்காதீர்கள், காசும் கொடுக்காதீர்கள்.