பழவேற்காட்டுத் தீட்டுதுணியும் குடிமரபும்

திருவள்ளூர் மாவட்டத்துக் கும்மிடிப்பூண்டி இன்று தொழிற்பேட்டையாற் பெயர் பெற்றது. அதற்குக் கிழக்கே கடலையடுத்த பழவேற்காடோ, 17ஆம் நூற்றாண்டில் ஓவியந் தீட்டிய பருத்தித் துணிக்குப் பெயர் பெற்றிருந்தது. 1613இல் ஒல்லாந்தர் ஆங்குக் கெல்திரியாக் கோட்டையை எழுப்பினர். அத்துணிகளைக் கீழைத் தீவுகட்கு அனுப்பி நறும்பொருள்களைப் பெற்றனர்.

குடிமரபைப் பேணுதலும் முன்னேறுதலும் தம்முள் முரணுவன என்பர் சிலர். சோழமண்டலக் கரையின் தீட்டுதுணி இதனை மறுக்கின்றது. துணியைக் கடுக்காய்ச் சாற்றிலும் பாலிலும் தோய்த்தல், இரும்பு நீராற் கருங்கோடு வரைதல், படிகாரம் பூசிய இடத்திற் சாயவேராற் செந்நிறம் ஏற்றுதல் ஆகியவற்றைக் குடிவழி பயின்ற ஓவியர் கைவிட்டிலர். உருவங்களையோ, கீழைத் தீவினர்க்கு ஒருவகையும் ஐரோப்பியர்க்கு வேறொரு வகையுமாக மாற்றினர். ஆகவே, காக்கத்தக்க மரபு உருவன்று, செய்முறையே என்பது நம் கருத்து.

மறைந்த உருவத்தை அருங்காட்சியகத் துணி கொண்டு மீட்கலாம்; அற்றுப்போன கைப்பழக்கத்தை மீட்டல் அரிது. பழவேற்காட்டில் அக்கை ஓய்ந்தது. காளத்தியிலோ, 20ஆம் நூற்றாண்டின் இடையிற் பயிற்சிக்கூடம் அமைந்தமையால் கலங்காரி பிழைத்தது.

ஆலைப்பணிக்குச் செல்லும் மைந்தரைத் தடுத்தல் மரபு காத்தலாகாது. கலை எஞ்சியுள்ள இல்லங்களில் முதியோரின் செய்முறையை எழுதிவைத்தலும், குடிப்பிறப்பு நோக்காது விழைவார்க்குப் பயிற்றலுமே நாம் உடன் செயற்பாலன.