காட்டில் காணோம், கூண்டில் உண்டு: எட்வர்ட்ஸ் ஃபெசன்ட் பிழைத்திருப்பது எப்படி?

வியட்நாமின் நடுப்பகுதிக் காடுகளில் எட்வர்ட்ஸ் ஃபெசன்ட் என்ற பறவையைக் கடைசியாக உறுதிசெய்தது 2000-ம் ஆண்டில். அதன் பிறகு எத்தனையோ முறை தேடியாகிவிட்டது, தானியங்கி கேமராக்களையும் கட்டிப் பார்த்தாகிவிட்டது. ஒன்றும் சிக்கவில்லை. ஆனால் பறவை அழிந்துவிட்டதா என்றால், இல்லை. ஐரோப்பாவின் உயிரியல் பூங்காக்களிலும், பறவை வளர்ப்பவர்களின் தோட்டத்துக் கூண்டுகளிலும் இன்று காலைகூட இரை கொத்திக்கொண்டிருக்கும்.

கோழி, மயில், கவுதாரி, காடை எல்லாமே ஒரே குடும்பம். ஃபெசன்ட்களும் அந்த வீட்டுப் பிள்ளைகள்தான். எட்வர்ட்ஸ் சேவல் கருநீலமாகப் பளபளக்கும்; தலையில் சின்ன வெள்ளைக் கொண்டை, கண்ணைச் சுற்றிச் சிவப்புத் தோல். பெட்டை சாதாரணப் பழுப்பு நிறம். 1896-ல் பிரெஞ்சுக்காரர்கள் இதற்குப் பெயர் வைத்தபோது அவர்கள் கையில் இருந்தவை நான்கே நான்கு பாடம்செய்த உடல்கள். உயிரோடு யாரும் கொண்டுபோகவில்லை.

கொண்டுபோனவர் ஜான் டெலாகூர். பிரான்ஸின் நார்மண்டியில் கிளேர் என்ற ஊரில் ஒரு மாளிகையை வாங்கி, அதைச் சுற்றிப் பறவைத் தோட்டம் அமைத்தவர். இந்தோசீனாவுக்குப் பல முறை போய்ப் பறவை சேகரித்தார். 1924-ல் எட்வர்ட்ஸ் ஃபெசன்ட்கள் கிளேருக்கு வந்தன, அடுத்த ஆண்டே குஞ்சு பொரித்தன. குஞ்சுகளை அவர் மற்ற வளர்ப்பாளர்களுக்கும் கொடுத்தார். இதைக் கொஞ்சம் கவனிங்க. 1939-ல் அவருடைய மாளிகை தீப்பிடித்தது, மறு ஆண்டு ஜெர்மன் குண்டுகள் விழுந்தன, டெலாகூர் அமெரிக்கா போய்விட்டார். எல்லாப் பறவைகளும் ஒரே இடத்தில் இருந்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

அந்தப் பக்கம் வியட்நாமில் போர் வந்தது. விமானத்திலிருந்து தூவிய இலையுதிர்ப்பு மருந்தும், பிறகு மரம் வெட்டலும் தாழ்நிலக் காடுகளைத் தின்றன. மிச்சம் இருந்ததைக் கண்ணிகள் பார்த்துக்கொண்டன.

புது இனம்னு நினைச்சது...

இந்தப் பறவையின் கதையில் ஒரு வேடிக்கை உண்டு. 1923-ல் டெலாகூருக்கு வியட்நாமில் ஒரு ஜோடி விசித்திரமான ஃபெசன்ட்கள் கிடைத்தன. புது இனம் என்று நம்பி ‘இம்பீரியல் ஃபெசன்ட்’ என்று பெயர் சூட்டினார். கிட்டத்தட்ட 80 ஆண்டு கழித்து மரபணு சொன்னது: அது தனி இனமே இல்லை, சில்வர் ஃபெசன்ட்டும் எட்வர்ட்ஸ் வகையும் கலந்த கலப்பு.

இரண்டாவது கதைதான் கவலைப்பட வைக்கிறது. 1975-ல் ‘வியட்நாம் ஃபெசன்ட்’ என்று இன்னொன்றை அறிவித்தார்கள். எட்வர்ட்ஸ் மாதிரியேதான், வாலில் மட்டும் சில வெள்ளைச் சிறகுகள். பிற்பாடு பார்த்தால், கூண்டில் வளர்ந்த எட்வர்ட்ஸ் பறவைகளுக்கும் அதே வெள்ளைச் சிறகு முளைத்தது! சொந்தத்துக்குள்ளேயே கொடுத்து வாங்கியதால் வந்த அடையாளம் அது. 2012 வாக்கில் மரபணு ஆய்வும் அதை உறுதி செய்தது. அதாவது அந்தப் பறவைகள் வெள்ளைச் சிறகோடு காட்டில் திரிந்தபோதே, எண்ணிக்கை குறைந்துபோய் நெருங்கிய சொந்தங்கள்தான் மிஞ்சியிருக்க வேண்டும்.

கூண்டில் இருப்பவற்றின் மூலப் பறவைகளும் முப்பதுக்குள்தான் என்று கணக்கிடுகிறார்கள். அதனால்தான் வம்சாவளிப் பதிவேடு. எந்தச் சேவலுக்கு யார் தாய், யார் தகப்பன், எந்தப் பெட்டையோடு சேர்த்தால் உறவு தூரமாக இருக்கும் என்று எழுதி வைத்து, அதன்படி பறவைகளை நாடு விட்டு நாடு மாற்றுகிறார்கள். நம்ம ஊரில் ஜாதகம் பார்ப்பது போலத்தான், ஆனால் இங்கே கட்டத்துக்குப் பதில் மரபணு. சில கூட்டங்களில் தைவானைச் சேர்ந்த சுவின்ஹோ ஃபெசன்ட்டின் ரத்தமும் கலந்திருப்பது தெரிந்து, அவற்றை ஒதுக்க வேண்டியிருந்தது. யாரோ ஒரு வளர்ப்பாளர் ஜோடி கிடைக்காமல், ‘பார்க்க ஒண்ணாத்தானே இருக்கு’ என்று சேர்த்துவிட்டதன் விளைவு தலைமுறை தாண்டி நிற்கிறது.

வளர்ப்பது கோழி வளர்ப்பு மாதிரியா?

இல்லை. ஃபெசன்ட் மிரண்டால் ஓடாது, நேராக மேலே பாயும். கூரை இரும்பு வலையாக இருந்தால் மண்டை கிழிந்துவிடும். அதனால் மேலே மெல்லிய நைலான் வலை கட்டுவார்கள். இனப்பெருக்கக் காலத்தில் சேவல் வெறிபிடித்தாற்போல் பெட்டையைத் துரத்தும், சமயத்தில் கொன்றே போடும். பெட்டை ஒளிந்துகொள்ளப் புதர், சாய்த்து வைத்த கிளைகள் எல்லாம் கூண்டுக்குள் வேண்டும்.

அடுத்தது மண். நாட்டுக்கோழி திரிந்த இடத்தில் இவற்றை விடக்கூடாது. கோழியின் குடற்புழு முட்டைகள் மண்ணில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். அவற்றுக்குள் ஒளிந்திருக்கும் ஒரு ஒற்றைச்செல் உயிரி ஈரலையும் குடலையும் தாக்கும். கோழி பெரும்பாலும் தாங்கிவிடும். ஃபெசன்ட், கவுதாரி வகைகளில் பல தாங்காது.

கவுதாரிகளில் ரூல்ரூல் என்று ஒன்று உண்டு, மலேசிய, இந்தோனேசியக் காடுகளைச் சேர்ந்தது. சேவலுக்குச் சிவப்புக் கொண்டை, பெட்டை பச்சை. கோழிக்குஞ்சு பிறந்த உடனே தானே கொத்தும். இதன் குஞ்சோ முதல் நாட்களில் பெற்றோரின் அலகிலிருந்து வாங்கித்தான் தின்னும். தட்டில் தீனி வைத்தால் பார்த்துக்கொண்டே பட்டினி கிடக்கும். இன்குபேட்டரில் பொரித்தவர்கள், இடுக்கி நுனியில் புழுவைப் பிடித்து ஒவ்வொன்றாக ஊட்ட வேண்டியதுதான்.

‘சரி, நானும் ஒரு ஜோடி வாங்கலாமா?’ என்று கேட்பவர்களுக்கு: நம்ம ஊர்க் கவுதாரியைப் பிடிப்பதோ கூண்டில் வைப்பதோ வனவிலங்குச் சட்டப்படி குற்றம். வெளிநாட்டு இனங்களுக்கும் 2022-ல் சட்டம் திருத்தப்பட்டது. சைட்டிஸ் ஒப்பந்தப் பட்டியலில் உள்ள பறவை கையில் இருந்தால் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும். குஞ்சு பொரித்தாலும், செத்தாலும், கைமாற்றினாலும் தெரிவிக்க வேண்டும். கடைக்காரர் ‘பேப்பர் எல்லாம் தேவையில்ல சார்’ என்றால், இன்னொரு கடையைப் பாருங்கள்.

திரும்பக் காட்டுக்குப் போகுமா?

இங்கேதான் உண்மையான சிக்கல். சீர் ஃபெசன்ட் என்ற இமயமலைப் பறவையை, பிரிட்டனிலிருந்து முட்டைகளை வரவழைத்துப் பொரிக்க வைத்து, பாகிஸ்தானின் மார்கல்லா குன்றுகளில் விட்டார்கள். 1978-ல் தொடங்கிய அந்த முயற்சி கைகூடவில்லை. நரியும் பருந்தும் எப்படியிருக்கும் என்று குஞ்சுக்குச் சொல்லிக்கொடுக்கத் தாய் வேண்டுமே! இமாசலப் பிரதேசத்தின் சராஹான் வளர்ப்பு மையத்தில் மேற்கு டிராகோபனை வளர்ப்பவர்கள் முடிந்தவரை தாயே வளர்க்கட்டும் என்று விடுவது இதனால்தான்.

எட்வர்ட்ஸ் ஃபெசன்ட்டுக்காக வியட்நாமின் லே துய் பகுதியில் ஒரு இனப்பெருக்க நிலையம் அமைத்திருக்கிறார்கள். அங்கே பெருகும் பறவைகளை என்றாவது காட்டில் விடுவது திட்டம். ஆனால் அந்த வட்டாரக் காடுகளில் தரைமட்டத்தில் கண்ணிகள் நிறைந்து கிடக்கின்றன. பலவும் சைக்கிள், பைக் பிரேக் கேபிளை வளைத்துக் கட்டியவை. வைத்தவனுக்கு ஒன்றுக்குச் சில ரூபாய்கூடச் செலவில்லை. காட்டுப்பன்றிக்கு வைத்ததில் தரையில் நடக்கும் எதுவும் மாட்டும். ரோந்துக் குழுக்கள் பொறுக்கிக்கொண்டே இருக்கின்றன, மறுபடி மறுபடி முளைக்கின்றன. நூறு ஆண்டாகக் கூண்டிலேயே பிறந்து வளர்ந்த பறவையை அந்தக் காட்டில் விடத் தேதி குறிப்பதற்குள், அவ்வளவு கம்பியையும் அங்கிருந்து எடுத்தாக வேண்டும்.