குளத்தடியில் ஏறும் கசடு

அமெரிக்கச் சிற்றூர்கள் பலவற்றில் கழிவுநீரைச் சுத்திகரிப்பவை, ஊருக்கு வெளியே கரை கட்டி வைத்திருக்கும் இரண்டு மூன்று குளங்கள்தாம். 1901இல் டெக்சஸ் மாநிலத்தின் சான் அன்டோனியோவில் அமைந்ததே அந்நாட்டில் பதிவாகியிருக்கும் முதல் கழிவுநீர்க் குளம். கழிவுநீருக்கென்றே திட்டமிட்டு வடிவமைத்த குளம் 1948இல் வடக்கு டகோட்டாவின் மேடாக் என்னும் சிற்றூரில் வந்தது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் 2011ஆம் ஆண்டுக் கையேடு, நாட்டில் 8,000க்கும் மேற்பட்ட கழிவுநீர்க் குளங்கள் இருப்பதாகவும், சுத்திகரிப்பு நிலையங்களில் பாதிக்கு மேல் இவையே என்றும் சொல்கிறது. கட்டுமானச் செலவு குறைவு. மின்சாரம் அதிகம் வேண்டாம். முழுநேரப் பொறியாளரும் வேண்டாம். ஆயிரம் பேர் வாழும் ஊருக்கு இதைவிடப் பொருத்தமான முறை கிடைப்பது அரிது. ஆனால் ஆண்டுக்கணக்கில் கவனிக்காமல் விட்டால் அடியில் கசடு ஏறிக்கொண்டே போகும். குளத்தின் ஆயுளைத் தீர்மானிப்பது அந்தக் கசடுதான்.

இக்குளங்களில் பெரும்பாலானவை ஒன்றரை மீட்டரை ஒட்டிய ஆழம் உள்ளவை. வெயில் படும் மேல்மட்டத்தில் பாசி வளர்ந்து, பகலில் ஆக்சிஜனை வெளியிடும். அதைக் கொண்டு பாக்டீரியாக்கள் நீரில் கரைந்திருக்கும் கழிவைச் சிதைக்கின்றன. அடிமட்டத்தில் ஆக்சிஜன் இல்லை. அங்கே படியும் திடப்பொருளை, ஆக்சிஜன் இல்லாமலே வாழும் நுண்ணுயிர்கள் இரண்டு கட்டங்களாகச் செரிக்கின்றன. ஒரு கூட்டம் கழிவைக் கரிம அமிலங்களாக்கும். அடுத்த கூட்டம் அந்த அமிலங்களை மீத்தேனாகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் மாற்றும். இப்படி வாயுவாகிக் குளத்தைவிட்டு வெளியேறுவது மட்டுமே உண்மையில் குறைந்த கசடு. மேலே செத்து விழும் பாசியும் அடிக்கசடோடு சேர்ந்துகொள்கிறது.

மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிர்களுக்கு 35 டிகிரி செல்சியஸ் அளவிலான சூடு உகந்தது. 15 டிகிரிக்குக் கீழே அவற்றின் வேலை மிகவும் மந்தமாகிவிடும். வடக்கு டகோட்டாவில் குளிர்காலம் முழுவதும் குளத்தின்மேல் பனிக்கட்டி மூடிக் கிடக்கும். அந்த மாதங்களில் வந்த கழிவு செரிக்காமல் அடியில் தேங்கும். வசந்தத்தில் நீர் சூடேறும்போது அமிலக் கட்டம் முந்திக்கொள்ள, மீத்தேன் கட்டம் பின்தங்கிவிடுகிறது. பனி உருகும் வாரங்களில் ஊருக்குள் நாற்றம் வீசுவதும், கசடு கட்டிகட்டியாக மேலே மிதப்பதும், நீரில் அம்மோனியா கூடுவதும் இதன் விளைவுகளே. வெப்ப நாட்டுக் குளங்களைப் பல்லாண்டு ஆராய்ந்த லீட்ஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் டங்கன் மாராவின் சூத்திரப்படி, 25 டிகிரி வெப்பத்தில் ஒரு ஹெக்டேர் குளம் நாளொன்றுக்கு 350 கிலோ கரிமச் சுமையைத் தாங்கும். வட அமெரிக்கச் சமவெளியில் அதில் பத்தில் ஒரு பங்கை ஒட்டியே சுமத்துகிறார்கள்.

ஆக்சிஜனற்ற ஆழமான குளங்களில் ஆளுக்கு ஆண்டுக்கு 40 லிட்டர் கசடு சேரும் என்பதும், குளத்தின் கொள்ளளவில் மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததும் தூர்வார வேண்டும் என்பதும் மாரா வகுத்த கணக்குகள். ஆயிரம் பேர் உள்ள ஊரில் அதே அளவு சேர்வதாக வைத்துக்கொண்டால், 20 ஆண்டுகளில் 800 கனமீட்டர் ஆகும். ஒரு ஹெக்டேர் குளத்தில் இது சமமாகப் பரவினால் 8 சென்டிமீட்டர்தான். ஆனால் கசடு சமமாகப் பரவுவதில்லை. கழிவுநீர் வந்து விழும் குழாய் வாயருகே மேடாகக் குவிகிறது. மேடு தட்டிய இடத்தை ஒதுக்கிக்கொண்டு நீர் குறுக்குவழியாக ஓடுகிறது. முப்பது நாள் தங்க வேண்டிய நீர் சில நாட்களில் வெளிவாசலை எட்டினால், அரைகுறையாகச் சுத்தமான நீர்தான் ஆற்றில் சேரும். வெளியேறும் நீரில் உயிர்வேதி ஆக்சிஜன் தேவை, அதாவது எஞ்சிய கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்கு வேண்டிய ஆக்சிஜன், மாதச் சராசரியாக லிட்டருக்கு 30 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது அமெரிக்காவின் பொது விதி. குளங்களுக்கு 45 வரை சலுகை உண்டு. கசடு ஏறிய குளம் அந்தச் சலுகை வரம்புக்குள்ளும் நிற்க முடியாமல் தடுமாறும்.

ஆகவே முதல் வேலை அளப்பது. இதில் சிக்கனம் பார்க்கும் ஊர்கள் பின்னால் பல மடங்கு செலவு செய்ய நேரும். படகில் இருவர், உயிர்காப்பு உடையோடு, குளத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக்கொண்டு ஒவ்வொரு புள்ளியிலும் ஆழம் பார்க்க வேண்டும். அடியில் அடைப்பிதழ் வைத்த ஒளிபுகும் குழாயை இறக்கித் தூக்கினால் நீர் எவ்வளவு, கசடு எவ்வளவு என்று கண்ணாலேயே தெரியும். அதைவிட எளிய முறை, நீண்ட கழியில் வெள்ளைத் துவாலையைச் சுற்றி அடிவரை இறக்கி மெல்ல எடுப்பது; துணியில் கறுப்பு ஏறிய உயரமே கசடின் உயரம்.

உயரம் மட்டும் போதாது. கசடின் மாதிரியை உலர்த்தி 550 டிகிரியில் எரித்தால், எரிந்து போகும் பங்கு கரிமப் பொருள். எஞ்சும் சாம்பல் மணலும் வண்டலும் களிமண்ணும். நுண்ணுயிர்களால் குறைக்க முடிந்தது எரியும் பங்கை மட்டுமே. அந்தப் பங்கு கணிசமாக இருந்தால், குளத்திலேயே செரிக்க வைக்கும் முயற்சிகளுக்குப் பொருள் உண்டு. பல ஆண்டுகள் கிடந்து செரித்து முடிந்த கசடில் மிச்சம் பெரும்பாலும் மண். எந்த மருந்தும் எந்த இயந்திரமும் மண்ணைக் கரைக்காது. வாரித்தான் ஆக வேண்டும். இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் எந்தத் திட்டத்திலும் பணத்தை இறக்குவது தவறு.

வரும் திடப்பொருளைக் குறைப்பதே மலிவான வழி. குளத்துக்கு முன்னால் கம்பிச் சல்லடையும் மணல் பிடிக்கும் தொட்டியும் இருந்தால், கந்தலும் ஈரத்துடைப்பான் துணியும் மணலும் அங்கேயே நின்றுவிடும். உணவகங்களின் எண்ணெய்ப் பிசுக்கை அவற்றின் வாசலிலேயே பிடிக்க வேண்டும். ஊரில் பால் பண்ணையோ பாலாடைக்கட்டித் தொழிற்சாலையோ இருந்தால், அதன் கழிவு ஒன்றே ஊர் முழுவதன் கழிவுக்கு ஈடாகலாம். உடைந்த சாக்கடைக் குழாய்கள் வழியாக மழைநீரோடு புகும் மண்ணும் சிறிதல்ல.

அடுத்தது காற்றூட்டல். குளத்தடியில் பரப்பிய குழாய்களிலிருந்து நுண்குமிழிகளாகவோ, மிதக்கும் காற்றூட்டிகள் வழியாகவோ ஆக்சிஜன் கிடைத்தால், மேலே உள்ள நீரில் கழிவு வேகமாகச் சிதையும். கசடின் மேற்பரப்பும் ஆக்சிஜனைத் தொடும். ஆனால் அளவு தவறினால் கெடுதல்தான். வலுவாகக் கலக்கினால் கசடு கிளம்பி, வெளியேறும் நீரோடு போய்விடும். ஆகவே காற்றூட்டிய குளத்துக்கு அடுத்து அமைதியான குளம் ஒன்று வேண்டும். நீர் சுற்றிச் செல்லும்படி தடுப்புத் திரைகளைக் கட்டுவதும், நீரைப் பல வாய்களில் பிரித்துவிடுவதும் கசடு ஓரிடத்தில் குவியாமல் காக்கும். கசடின் மொத்த அளவை இவை குறைப்பதில்லை. தூர்வாரும் நாளைத் தள்ளிப்போடுகின்றன. சிற்றூருக்கு அந்த அவகாசமே பெரிது.

பாக்டீரியாக் கலவைகளைப் பொடியாகவும் வில்லையாகவும் விற்கிறார்கள். மாதந்தோறும் போட்டால் கசடு கரையும் என்பது விற்பவர்களின் வாக்குறுதி. கழிவுநீர் நாள்தோறும் கோடானுகோடி நுண்ணுயிர்களைத் தானே சுமந்து வருகிறது. அவற்றின் வேலையைத் தடுப்பது குளிர், ஆக்சிஜன் பற்றாக்குறை, அமிலத்தன்மை. எண்ணிக்கைக் குறைவு அல்ல. கசடின் உயரம் இறங்கியதைக் காட்டி வெற்றி என்பதையும் எச்சரிக்கையோடு பார்க்க வேண்டும். வாயு வெளியேறி இறுகினாலும், பரவினாலும் உயரம் இறங்கும், எடை குறைந்திருக்காது. மருந்து போடாத குளம் ஒன்றை ஒப்பீட்டுக்கு வைத்து, இரண்டிலும் எரியும் பங்கின் எடையை ஓராண்டாவது அளந்தால்தான் விடை நம்பத்தக்கது.

தூர்வாருவது கடைசி வழி, செலவும் அதிகம். மிதக்கும் இயந்திரம் கசடை உறிஞ்சிக் கரைக்கு அனுப்ப, அதோடு பாலிமர் கலந்து துணியால் நெய்த பெரும் பைகளில் நிரப்புகிறார்கள். நீர் கசிந்து குளத்துக்கே திரும்ப, உள்ளே கசடு கெட்டியாகும். நீரை வடித்துவிட்டு வண்டியிறக்கி வாருவதும் உண்டு. அப்போது அடித்தளத்தின் களிமண் பூச்சு கிழியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வாரிய கசடை வயலுக்கு உரமாக இடுவதற்கு 1993ஆம் ஆண்டின் கூட்டாட்சி விதிகள் வரம்பு கட்டுகின்றன. உலர்ந்த கசடில் கிலோவுக்கு ஈயம் 840 மில்லிகிராமையும் காட்மியம் 85 மில்லிகிராமையும் தாண்டினால் நிலத்தில் சேர்க்கக் கூடாது. நோய்க்கிருமிகளுக்கும் ஈ மொய்ப்பதற்கும் தனி விதிகள் உண்டு. எளிதில் அழியாத புளோரின் சேர்மங்கள் குறித்த அச்சத்தால் மெய்ன் மாநிலம் 2022இல் கசடை வயலில் இடுவதையே தடைசெய்தது. குப்பைக் கிடங்குகளும் ஈரக்கசடை எளிதில் ஏற்பதில்லை. அதனால் தூர்வாரும் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே, கசடு எங்கே போகப்போகிறது என்பதையும் ஊர் மன்றம் முடிவுசெய்துகொள்ள வேண்டியிருக்கிறது.