பெங்காலான் பூஜாங்: கடாரத்தின் துறைமுகச் சிற்றூர்

கெடா மாநிலத்தில், ஜெராய் மலைக்குத் தெற்கே, மெர்போக் ஆற்றின் கழிமுகப் பகுதியில் பெங்காலான் பூஜாங் என்னும் சிற்றூர் உள்ளது. கடலோடும் கப்பல் வந்து தங்க இன்று இங்கு வழியில்லை. ஆயினும் மலாய் மொழியில் 'பெங்காலான்' என்பது படகுத் துறையைக் குறிக்கும் சொல்லாகும். கப்பல் அணுகாத ஊருக்குத் துறை என்னும் பெயர் வாய்த்தது எவ்வாறு? இதற்கு விடை காண்பார் பழங் கடாரத்தின் வரலாற்றையே ஓரளவு கண்டவராவர்.

'பூஜாங்' என்பது பாம்பைக் குறிக்கும் 'புஜங்கம்' என்னும் வடசொல்லின் திரிபு என்பது பலர் கொள்கை. மலாய் மொழியில் அச்சொல்லுக்கு மணமாகாதவன் என்னும் பொருளும் உண்டு. ஆதலின் ஒலி ஒப்புமை ஒன்றையே கொண்டு முடிவு கூறல் பொருந்தாது. ஊரின் பெயர் ஐயத்துக்கு இடமாயினும், நிலம் தரும் சான்று தெளிவானது.

நில அமைப்பு

ஜெராய் மலை ஏறக்குறைய 1,200 மீட்டர் உயரமுடையது. சமநிலத்தில் தனித்து எழுந்து நிற்பதால், கடலில் வருவோர்க்கு நெடுந்தொலைவிலேயே அது புலப்படும். தென்மேற்குப் பருவக்காற்றின் துணையால் வங்கக் கடலைக் கடந்த மாலுமிகளுக்கு அம்மலையே வழிகாட்டி. காற்று மாறி வடகிழக்கிலிருந்து வீசத் தொடங்கும் வரை அவர்கள் திரும்புதல் இயலாது. எனவே திங்கள் பல தங்குவதற்கு அலையடங்கிய கழிமுகமும், குடிக்க நன்னீரும், கப்பல் பழுது பார்க்க மரமும் வேண்டும். இம்மூன்றும் மெர்போக் கழிமுகத்தில் ஒருங்கே அமைந்திருந்தன. அண்மையிலுள்ள சுங்கை பத்துவில் பண்டு இரும்பு உருக்கப்பட்டமையை 2009 முதல் நிகழ்ந்த அகழாய்வுகள் காட்டின.

இலக்கியமும் சாசனமும்

பட்டினப்பாலையில் வரும் 'காழகம்' என்னும் பெயருக்குக் கடாரம் என உரை கண்டவர் நச்சினார்க்கினியர். வடமொழியாளர் இந்நாட்டைக் கடாகம் என்றனர். கடாரம், கடாகம் என்னும் இரண்டும் பெருங்கொப்பரையையும் குறிக்கும் சொற்களாதல் நோக்கத்தக்கது. 671-இல் சீனத்திலிருந்து புறப்பட்ட இத்சிங் என்னும் பௌத்தத் துறவி, கெடாவில் தங்கிய பின்னரே கப்பலேறி வங்கத்துத் தாமிரலிப்தியை அடைந்தார்.

கடாரம் என்றவுடன் தமிழர் நினைவுக்கு வருவது 1025-இல் இராசேந்திர சோழன் நிகழ்த்திய கடற்படையெடுப்பு. ஆயின் அதற்கு இருபது ஆண்டுகட்கு முன்னரே, கடாரத்து அரசன் நாகப்பட்டினத்தில் எழுப்பிய சூடாமணி விகாரத்துக்கு முதலாம் இராசராசன் ஆனைமங்கலம் என்னும் ஊரை வழங்கினான். படையெடுப்புக்குப் பின்னர், 1090-இல், கடாரத்துத் தூதர் வேண்டிக்கொண்டபடி முதலாம் குலோத்துங்கன் அவ்விகாரத்துக்குரிய உரிமைகளை உறுதி செய்தான். இச்செய்திகளை லெய்டன் செப்பேடுகள் கூறுகின்றன. எனவே சோழர்க்கும் கடாரத்துக்கும் இருந்த தொடர்பு ஒரு போரில் தொடங்கி அதனோடு முடிந்ததன்று.

மண்ணில் கிடைத்தவை

1936, 1937 ஆகிய ஆண்டுகளில் குவாரிச் வேல்ஸ் என்னும் ஆங்கில அறிஞர் தம் மனைவியாருடன் இப்பள்ளத்தாக்கை ஆராய்ந்து, ஏறத்தாழ முப்பது இடங்களைப் பதிவு செய்தார். மலாய் மொழியில் சண்டி என வழங்கும் பழங்கோயில்களின் அடித்தளங்கள் அவற்றுட் பல. சில பௌத்தச் சார்புடையன. சில சைவச் சார்புடையன.

அவற்றுள் பெயர்பெற்றது மெர்போக்கை அடுத்த புக்கிட் பத்து பகாட் கோயில். உளியாற் செதுக்கிய கல்லுடைய குன்று என்பது அப்பெயரின் பொருள். கருவறையும் மண்டபமும் கொண்ட அதன் அமைப்பு தமிழகக் கோயில்களை நினைவூட்டும். ஆனால் அதன் தூண்கள் கல்லாலானவையல்ல. மரத்தூண்களைத் தாங்கிய கல் ஆதாரங்களே எஞ்சியுள்ளன. தமிழ்நாட்டுச் சிற்பியர் திட்டத்தை அப்படியே பெயர்த்துக் கட்டியதாயின் இவ்வாறு இராது. வந்த சமயத்தை இம்மண்ணின் மக்கள் தம் பொருளாலும் தம் கைத்திறத்தாலும் தமதாக்கிக்கொண்டனர் எனலே பொருத்தம். இக்கோயில்கள் யாவும் இராசேந்திரன் கட்டியவை என வகுப்பில் கூறுதற்குச் சான்றில்லை.

பெங்காலான் பூஜாங்கில் கிடைத்த பொருள்கள் வேறுவகையின. சீனத்துச் சுங், யுவான் காலத்துப் பீங்கான் ஓடுகள் ஆயிரக்கணக்கில் கிடைத்தன; மேற்காசியக் கண்ணாடித் துண்டுகளும் மணிகளும் உடன் கிடைத்தன. ஏறக்குறைய 12-ஆம் நூற்றாண்டு முதல் 14-ஆம் நூற்றாண்டு வரை இவ்வூர் சந்தைத் துறையாக விளங்கியமை இவற்றால் பெறப்படும். சோழப் பேரரசு மறைந்த பின்னரும் இங்கு வாணிகம் மறையவில்லை. பின்னர் ஆறுகள் கொணர்ந்த வண்டல் துறையைத் தூர்த்தது. கடற்கரை மேற்கே விலகியது. பெயர் மட்டும் நின்றது.

காக்க வேண்டிய கடமை

இருபதாம் நூற்றாண்டில் கெடாவில் இரப்பர்த் தோட்டங்கள் பரவின. தமிழ்த் தொழிலாளர் அவற்றில் குடியேறினர். கடாரத்தின் எச்சங்கள் சில அத்தோட்டங்களுக்குள்ளேயே கிடந்தன. சுங்கை பத்துத் தோட்டத்தில் இருந்த பதினோராம் எண் சண்டி, வீடமைப்புக்காக நிலத்தைச் சமன்செய்தபோது இடிக்கப்பட்டது. 2013-இன் இறுதியில் இச்செய்தி வெளிவந்து நாடெங்கும் கண்டனத்தை எழுப்பியது. வேல்ஸ் எழுதிவைத்த குறிப்பு இருந்தும், அரசிதழில் மரபுடைமையாக அறிவிக்கப்படாமையால் அவ்விடம் காவலின்றிக் கிடந்தது.

புக்கிட் பத்து பகாட்டில் இன்று அரும்பொருட் காட்சியகம் உள்ளது. மாணவர்களை அங்கு அழைத்துச் செல்லும் தமிழாசிரியர், கோயில் அடித்தளத்தைக் காட்டியதோடு அமையாது, ஜெராய் மலையையும் கழிமுகத்தையும் சுட்டிக்காட்டுதல் நலம். காற்றும் மலையும் ஆறும் ஆக்கிய ஊர் இது என அறிந்த மாணவன், தோட்டத்து ஓரத்தில் ஒரு பழஞ்செங்கல்லைக் கண்டாலும் அதனைக் கடந்துபோகான். பதினோராம் எண் சண்டிக்கு நேர்ந்தது இன்னொன்றுக்கு நேராதிருக்க அத்தகைய கண்கள் வேண்டும்.