கார்த்திகையில் எத்தனை மீன்?

தை மாதம், நிலவில்லாத இரவு, எட்டு மணி. முதுகுளத்தூரில் விளக்குகளை விட்டு விலகி, கண்மாய்க் கரையில் நின்று அண்ணாந்து பாருங்கள். உச்சிக்கு அருகில் சிறு கொத்தாகத் தெரிவது கார்த்திகை. நல்ல கண்ணுக்கு ஆறு மீன்கள் தெரியும். சென்னைத் தெருவில் நின்றால் ஆறையும் எண்ணுவது அரிது. மற்றவை எங்கே போயின?

எங்கும் போகவில்லை. விளக்குகளிலிருந்து மேலே செல்லும் ஒளி காற்றிலும், அதிலுள்ள தூசியிலும் பட்டுச் சிதறுகிறது. வானமே வெளுத்துவிடுகிறது. அந்த வெளுப்பில் மங்கலான மீன்கள் மறைகின்றன. பகலில் விண்மீன்கள் தெரியாததும் இப்படித்தான். இதுவே ஒளிமாசு. இருண்ட வானில் ஆறாம் ஒளித்தரம் வரை கண்ணுக்குத் தெரியும். பெருநகரில் மூன்றைத் தாண்டுவதே கடினம். ஆறாம் தர மீன் மூன்றாம் தர மீனைவிடச் சுமார் 16 மடங்கு மங்கலானது.

இதே சென்னையிலிருந்துதான் 1861இல் போக்சன் 'ஆசியா' என்னும் சிறுகோளைக் கண்டார். 1867இல் சிந்தாமணி ரகுநாதாச்சாரி ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தார். இன்றோ 2.34 மீட்டர் தொலைநோக்கி ஜவ்வாது மலையில், காவலூரில் இருக்கிறது.

செய்து பாருங்கள்: தெருவிளக்கின் கீழ் நின்று கார்த்திகை மீன்களை எண்ணுங்கள். பிறகு இருட்டில் இருபது நிமிடம் கண்ணைப் பழக்கி மீண்டும் எண்ணுங்கள். ஆண்டுதோறும் குறித்து வையுங்கள். எண்ணிக்கை குறைந்தால் நம் வானமும் வெளுக்கிறது என்று பொருள். விளக்குக்கு மேல்மூடி போட்டால் ஒளி சாலையில் விழும். விண்மீன்கள் நமக்கே மிஞ்சும்.